முதல் தேர்வை ஒரு பள்ளிக்கூட பிட்சருக்குக் கொடுக்கலாமா?

பந்துமேடு எழுதியது:

அமெரிக்க பேஸ்பால் அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் 1965இல் தொடங்கியது. அன்று முதல் 2025 வரை, ஓர் உயர்நிலைப் பள்ளி பிட்சரை (பந்து எறிபவரை) நாட்டின் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த அணிகள் மூன்றே. 1973இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் டேவிட் கிளைடையும், 1991இல் நியூயார்க் யாங்கீஸ் பிரையன் டெய்லரையும், 2014இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பிராடி எய்கனையும் எடுத்தன. மூவரும் இடக்கையர்கள். வலக்கையால் எறியும் பள்ளி மாணவர் ஒருவர்கூட இதுவரை முதல் ஆளாக அழைக்கப்பட்டதில்லை. கிளைடு 18 வெற்றி, 33 தோல்வி என்ற கணக்குடன் 1979இல் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீகை விட்டு வெளியேறினார். அந்நாளில் டிராஃப்டில் எவரும் பெற்றிராத 15.5 லட்சம் டாலரை ஒப்பந்தத் தொகையாகப் பெற்ற டெய்லரும், அவருக்கு 23 ஆண்டுகள் கழித்து வந்த எய்கனும் மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறியவில்லை.

ஒரு பிட்சரின் எதிர்காலத்தை அவனுடைய 18 வயதில் மதிப்பிடும் ஆற்றல் எவரிடமும் இல்லை என்பதே என் நிலைப்பாடு. ஊர் ஊராக அலைந்து, மழையால் நின்றுபோன ஆட்டங்களுக்காகக் காத்திருந்து குறிப்பெழுதும், திறமை தேடும் ஸ்கவுட்டுகளின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்கள் பார்ப்பதற்குக் கிடைக்கும் சான்றுதான் போதாது. மணிக்கு 95 மைல் வேகப் பந்தை வாழ்நாளில் இரண்டு முறைகூடப் பார்த்திராத பள்ளி பேட்டர்களை ஒருவன் வீழ்த்துவதிலிருந்து, அவன் பெரியவர்களை வீழ்த்துவானா என்பதை அறிய வழியில்லை. கல்லூரியில் மூன்றாண்டுகள் ஆடியவனுக்கு உடல் முதிர்ந்திருக்கும், எதிரில் நின்றவர்களும் தரமானவர்களாக இருந்திருப்பார்கள். ஆகவே முதல் ஐந்து தேர்வுகளுக்குள் வரும் அணி பள்ளி பிட்சரைத் தொடவே கூடாது.

இடக்கை எழுதியது:

நண்பர் பந்துமேடு அவர்கள் காட்டிய மூன்று பெயர்களையும் ஒரே பட்டியலில் வைப்பது நியாயமாகாது. அவர்கள் விழுந்த காரணங்கள் வெவ்வேறானவை, அவற்றில் ஒன்றுகூடப் பந்தைத் தவறாக எடைபோட்டதால் வந்ததல்ல.

கிளைடு பள்ளியில் கடைசியாக எறிந்து 20 நாட்களில் மேஜர் லீக்கில் பந்து எறியும் மேட்டில் நிறுத்தப்பட்டார். ரசிகர் கூட்டம் வராமல் தவித்த அணியின் உரிமையாளருக்கு ஓர் ஈர்ப்பு தேவைப்பட்டது. 1973 ஜூன் 27 அன்று ஆர்லிங்டன் மைதானம் நிரம்பியது, 18 வயதுப் பையனும் அந்த ஆட்டத்தை வென்றான். வீரர்களைப் பழக்கும் கீழ்நிலைப் போட்டியான மைனர் லீகில் அவனுக்குக் கற்பித்திருக்க வேண்டிய எல்லாவற்றையும் அவன் மேஜர் லீக் பேட்டர்களிடம் அடி வாங்கிக் கற்க வேண்டியதாயிற்று. டெய்லரின் தோள் 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் சிதைந்தது. அதை எந்த ஸ்கவுட் முன்கூட்டியே குறித்திருக்க முடியும்? எய்கன் விஷயத்திலோ மதிப்பீடு வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் முழங்கைத் தசைநார் குறித்து ஐயம் எழுந்ததால், 65 லட்சம் டாலருக்குப் பேசி முடித்திருந்த அணி தொகையைக் குறைத்தது, ஒப்பந்தம் முறிந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அவருக்கு முழங்கைத் தசைநாரைப் புதுப்பிக்கும் டாமி ஜான் அறுவை செய்யப்பட்டது. இழப்பீடாகக் கிடைத்த தேர்வில்தான் ஆஸ்ட்ரோஸ், பின்னர் நட்சத்திரமாக உயர்ந்த அலெக்ஸ் பிரெக்மனை எடுத்தது.

கல்லூரியின் மூன்றாண்டுச் சான்று போதுமானது என்பவர்களிடம் 2006 டிராஃப்டை எடுத்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன். முதல் ஆறு தேர்வுகளில் ஐவர் பிட்சர்கள்: லூக் ஹோச்சேவர், கிரெக் ரேனால்ட்ஸ், பிராட் லிங்கன், பிராண்டன் மோரோ, ஆண்ட்ரூ மில்லர். ஐவருமே கல்லூரியில் ஆடி வந்தவர்கள். ஏழாவதாக டல்லஸ் பகுதியின் ஹைலண்ட் பார்க் பள்ளியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் எடுத்த பையன் கிளேட்டன் கெர்ஷா. ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுகள் மூன்று, 2014இல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது, 3,000க்கு மேற்பட்ட ஸ்ட்ரைக்அவுட்டுகள் (மூன்று ஸ்ட்ரைக்குகளில் பேட்டரை வீழ்த்துவது). ஐந்து அணிகளின் கையில் மூன்றாண்டுச் சான்று இருந்தும் அது அவர்களுக்கு வழிகாட்டவில்லை.

பந்துமேடு எழுதியது:

கெர்ஷாவின் பெயர் வரும் என்று எதிர்பார்த்தேன். அதே டிராஃப்டின் பத்தாவது, பதினோராவது தேர்வுகளான டிம் லின்ஸ்கமும் மேக்ஸ் ஷெர்சரும் கல்லூரியிலிருந்து வந்தவர்கள்தாம், இருவருமாகச் சேர்ந்து ஐந்து சை யங் விருதுகள் வென்றார்கள். மில்லரும் 2016இல் கிளீவ்லாந்து அணியை பட்டத்துக்கான உலகத் தொடருக்குக் கொண்டுசென்ற, ஆட்டத்தின் இடையில் வந்து எறியும் ரிலீஃப் பிட்சராக உயர்ந்தார். கல்லூரிக் கூட்டத்தில் அந்த ஆண்டு தங்கம் இல்லாமல் இல்லை, அணிகள் தவறான இடத்தில் தோண்டின.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2014இல் எய்கனுக்கு அடுத்து, இரண்டாவது ஆளாக மயாமி எடுத்த டைலர் கோலெக் பள்ளியிலேயே 100 மைல் தொட்டவர். அவர் மேஜர் லீகை எட்டவே இல்லை. 2016இல் கொலராடோ நான்காவதாக எடுத்த ரைலி பின்ட்டும் அதே வேகக்காரர். பேட்டர் அடிக்கக்கூடிய ஸ்ட்ரைக் எல்லைக்குள் பந்தைக் கொண்டுவரும் போராட்டத்தில் தளர்ந்து 2021இல் ஆட்டத்தையே விட்டு விலகி, பிறகு மனம் மாறித் திரும்பி, 2023இல்தான் மேஜர் லீகில் காலடி வைத்தார். இவ்விருவரையும் உயரே ஏற்றியது வேகமானியில் தெரிந்த மூன்று இலக்க எண்தான்.

கூர்நோக்கு எழுதியது:

இருவரும் பெயர்களை எதிரெதிராக அடுக்குகிறீர்கள். மதிப்பிடுவது என்றால் எதை மதிப்பிடுவது என்பதை முதலில் பிரித்துப் பார்க்காவிட்டால் இந்த விவாதம் நகராது.

ஸ்கவுட்டுகள் 20 முதல் 80 வரையிலான அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 50 என்பது மேஜர் லீக் சராசரி. ஃபாஸ்ட்பால் (வேகப் பந்து), கர்வ்பால் (வளைந்து விழுவது), ஸ்லைடர் (பக்கவாட்டில் நழுவுவது), சேஞ்சப் (வேகம் குறைத்து ஏமாற்றுவது), இலக்குத் துல்லியம் என ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் இடப்படுகின்றன, ஒன்று இன்றைய நிலைக்கு, மற்றது முதிர்ந்த பின் எட்டக்கூடிய நிலைக்கு. 18 வயதுப் பையனின் சேஞ்சப்புக்கு 35, 55 என்று எழுதியிருந்தால், நடுவிலுள்ள அந்த இருபது புள்ளிகளே ஸ்கவுட்டின் ஊகம். கல்லூரி பிட்சரிடம் இந்த இடைவெளி குறைவாக இருக்கும். இத்தனை மட்டுமே கல்லூரியின் அனுகூலம்.

இவற்றுள் எது நம்பகமாக அளக்கப்படுகிறது? வேகம், சுழற்சி, பந்து கையை விட்டு விலகும் உயரம், பேட்டரை நோக்கி எவ்வளவு தூரம் முன்னே வந்து விடுவிக்கிறான் என்பது ஆகியவற்றை டிராக்மேன், ராப்சோடோ போன்ற கருவிகள் பள்ளி மைதானத்திலேயே அளந்துவிடுகின்றன. தாழ்வான இடத்திலிருந்து விடுபட்டும் விழாமல் நேராக வரும் ஃபாஸ்ட்பால் 93 மைலாக இருந்தாலும், உயரத்திலிருந்து இறங்கும் 97 மைல் பந்தைவிடப் பேட்டரைத் தடுமாறச் செய்யலாம் என்பதை இன்று எல்லா அணிகளும் அறிந்திருக்கின்றன. கோலெக்கையும் பின்ட்டையும் வைத்து வேகமானியைப் பழிக்கும் பந்துமேடு அவர்கள் இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

இலக்குத் துல்லியமோ இன்னும் கருவிக்கு முழுமையாக அகப்படாதது. பள்ளி ஆட்டத்தில் ஒருவன் எல்லைக்கு வெளியே நான்கு பந்துகள் எறிந்து எத்தனை பேரை முதல் தளத்துக்கு நடக்கவிட்டான் என்ற கணக்கு பெரும்பாலும் ஏமாற்றும், ஏனென்றால் பயந்துபோன பேட்டர்கள் எல்லைக்கு வெளியே போகும் பந்துக்கும் மட்டையை வீசிவிடுவார்கள். இங்குதான் ஸ்கவுட்டின் கண் தேவைப்படுகிறது. முதல் இன்னிங்ஸில் முன்கால் ஊன்றிய இடத்திலேயே ஆறாவது இன்னிங்ஸிலும் ஊன்றுகிறானா, கால்கள் களைத்தபின் தோள் முந்திக்கொண்டு திறந்துவிடுகிறதா, கேட்சர் கையுறையை வெளிமூலையில் காட்டும்போது பந்து அங்கே போகிறதா அல்லது நடுவில் போய் அதிர்ஷ்டத்தால் தப்புகிறதா என்று அவர் பார்க்கிறார். கிரெக் மேடக்ஸ் 1984இல் 31ஆவது ஆளாகத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த ஒல்லியான பள்ளிப் பையனின் 355 வெற்றிகளுக்கு அடித்தளம் இந்தத் துல்லியமே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கெர்ஷாவின் முதன்மை ஆயுதமாக விளங்கிய ஸ்லைடரை அவர் 2009இல், மேஜர் லீகுக்கு வந்த அடுத்த ஆண்டில்தான் கற்றுக்கொண்டார். 2006இல் அதற்கு எந்த ஸ்கவுட்டும் எண் இட்டிருக்க முடியாது, அப்படியொரு பந்தே அவர் கையில் இருக்கவில்லை.

இடக்கை எழுதியது:

கூர்நோக்கு அவர்களின் கடைசிப் பத்தியை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன், ஆனால் அதிலிருந்து நான் பெறும் முடிவு வேறு. புதிய பந்துகளைக் கற்பிக்க முடியும் என்றால், கற்பிக்க முடியாதவற்றுக்காகத்தானே முதல் தேர்வைச் செலவிட வேண்டும்? கை வீச்சின் வேகம், தோளின் நெகிழ்வு, உடலமைப்பு ஆகியவை ஒருவனோடு பிறந்து வருபவை. 18 வயதில் அவை வெளிப்படையாகவே தெரிகின்றன.

கூர்நோக்கு எழுதியது:

வேகம் பிறவியிலேயே வருவது என்ற நம்பிக்கையை ஜேக்கப் டிகிராம் ஒருவரே உடைத்துவிடுகிறார். கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப் என்ற களத்தடுப்பாளராக ஆடிக்கொண்டிருந்தவர், 2010இல் ஒன்பதாவது சுற்றில் எடுக்கப்பட்டார், 2014இல் மேஜர் லீகுக்கு வந்தபோது அவருடைய ஃபாஸ்ட்பால் 93, 94 மைல் அளவில் இருந்தது. 2021இல், 33 வயதில், அதன் சராசரி 99 மைல். உடலமைப்பைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. உருவம் சிறியது என்ற ஐயத்தால் டாட்ஜர்ஸ் 1993இல் பெட்ரோ மார்ட்டினஸை மாண்ட்ரியாலுக்குக் கொடுத்துவிட்டது, அவர் பின்னர் மூன்று சை யங் விருதுகள் வென்றார். லின்ஸ்கம் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், சியாட்டில் அணியின் சொந்த ஊரிலேயே எறிந்துகொண்டிருந்தார். உடல் சிறியது, எறியும் முறை விசித்திரமானது என்ற தயக்கம் அன்று பல அணிகளிடம் இருந்தது. சியாட்டிலும் மோரோவைத்தான் எடுத்தது.

வைகைக்கரை எழுதியது:

நான் அமெரிக்காவில் வசிப்பவன், என் பிள்ளை பள்ளி அணியில் எறிகிறான். நீங்கள் மூவரும் மதிப்பீட்டை அணியின் பக்கத்திலிருந்தே பார்க்கிறீர்கள். அந்த மதிப்பீட்டு முறை பையன்களின் முழங்கையை என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

டிகிராமின் 99 மைலை நண்பர் குறிப்பிட்டார். அதே 2021 ஜூலைக்குப் பிறகு அவரால் அந்தப் பருவத்தில் ஆட முடியவில்லை. 2023இல் இரண்டாம் முறையாக டாமி ஜான் அறுவைக்கு உள்ளானார். 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாகச் செய்த இந்த அறுவை, டாமி ஜான் என்ற முதிர்ந்த தொழில்முறை வீரருக்காக உருவானது. இன்று அது பதின்ம வயதினருக்குச் செய்யப்படுகிறது. அலபாமாவின் பர்மிங்காமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கை களைத்த நிலையிலேயே வழக்கமாக எறியும் இளைஞர்கள் அறுவைக்கு ஆளாகும் வாய்ப்பு 36 மடங்கு என்றும், ஆண்டில் எட்டு மாதங்களுக்கு மேல் போட்டியில் எறிபவர்களுக்கு 5 மடங்கு என்றும் கண்டார்கள். 2011இல் வந்த மற்றோர் ஆய்வு, ஒரே ஆண்டில் 100 இன்னிங்ஸைத் தாண்டிய சிறுவர்களுக்குக் கடுமையான காயம் நேரும் வாய்ப்பு 3.5 மடங்கு என்றது. 2014இல் மேஜர் லீகும் யு.எஸ்.ஏ. பேஸ்பால் அமைப்பும் வயதுக்கேற்ற பந்து வரம்புகளை வெளியிட்டன. 17, 18 வயதினருக்கு ஒரு நாளில் 105 பந்துகள்தான் உச்சம். ஆனால் ஸ்கவுட்டுகளுக்குத் திறமையைக் காட்டும் காட்சிப் போட்டிகளில் இருபதே பந்துகளை உச்ச வேகத்தில் எறியச் சொல்லும்போது இந்த வரம்புக்கு என்ன பொருள்? ஸ்கவுட் எண்ணைப் பார்க்கிறார் என்று தெரிந்ததும், 15 வயதுப் பையன் எண்ணுக்காகவே எறிகிறான்.

ஆகவே ஓர் இளம் பிட்சரை மதிப்பிடும்போது, அவன் இதுவரை எவ்வளவு எறிந்திருக்கிறான், குளிர்காலத்தில் ஓய்வெடுத்தானா, வலி வந்தபோது அவனைச் சுற்றியிருந்த பெரியவர்கள் என்ன செய்தார்கள் ஆகிய கேள்விகளை வேகத்துக்கும் சுழற்சிக்கும் முன்னால் கேட்க வேண்டும் என்பேன்.

இதற்கு நான் மதிக்கும் எடுத்துக்காட்டு ஜப்பானிலிருந்து வருகிறது. 2019 ஏப்ரலில் ஒஃபுனாட்டோ உயர்நிலைப் பள்ளி மாணவன் ரோக்கி சசாக்கி மணிக்கு 163 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தான். அந்த ஜூலையில் இவாத்தே மாவட்டப் போட்டியின் ஓர் ஆட்டத்தில் 12 இன்னிங்ஸில் 194 பந்துகளும், மூன்று நாள் கழித்து அரையிறுதியில் 129 பந்துகளும் எறிந்திருந்தான். மறுநாள் இறுதிப் போட்டி. வென்றால் கோஷியன் அரங்கில் நடக்கும், நாடே பார்க்கும் தேசியப் பள்ளிப் போட்டி. பயிற்சியாளர் அவனை இறக்கவே இல்லை. ஒஃபுனாட்டோ 12–2 என்று தோற்றது, பள்ளிக்குக் கண்டனத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. பிறகு அவனைத் தேர்ந்தெடுத்த சிபா லொத்தே என்ற தொழில்முறை அணியும் 2020 முழுவதும் ஓர் ஆட்டத்தில்கூட இறக்காமல் உடலைத் தேற்றியது. 2022 ஏப்ரல் 10 அன்று, 20 வயதில், 13 பேட்டர்களைத் தொடர்ச்சியாக ஸ்ட்ரைக்அவுட் செய்து, மொத்தம் 19 ஸ்ட்ரைக்அவுட்டுகளோடு சசாக்கி ஒரு பேட்டரைக்கூடத் தளத்தை எட்டவிடாத பெர்ஃபெக்ட் கேம் எறிந்தார். அடுத்த ஆட்டத்திலும் எட்டு இன்னிங்ஸ் வரை எவரையும் தளத்தை எட்டவிடவில்லை, அப்போதும் அணி அவரை வெளியே எடுத்தது.

பந்துமேடு எழுதியது:

வைகைக்கரை அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். எனினும் சசாக்கியின் கதை என் தரப்பையே வலுப்படுத்துகிறது. அத்தனை கவனத்தோடு வளர்க்கப்பட்ட அவர் 2025இல் டாட்ஜர்ஸுக்கு வந்து, மே மாதமே தோள் வலியால் வெளியேறி, செப்டம்பரில் ரிலீஃப் பிட்சராகத்தான் திரும்ப முடிந்தது. உலகமே ஒப்புக்கொண்ட கை, இயன்ற பாதுகாப்பு எல்லாம் இருந்தும் இதுதான் நிலை என்றால், மோன்டானாவிலோ ஜார்ஜியாவிலோ இருக்கும் ஒரு பள்ளிப் பையனைப் பற்றி ஓர் அணி எந்தத் துணிவில் 70 லட்சம் டாலரை எடுத்து வைக்கும்?

மருத்துவப் படத்தையும் முழுமையாக நம்ப முடியாது. 1996இல் டெக்சாஸ் அணி 18ஆவதாக எடுத்த ஆர். ஏ. டிக்கிக்கு முழங்கையில் அந்தத் தசைநாரே இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. 8,10,000 டாலராக இருந்த தொகை 75,000 ஆக வெட்டப்பட்டது. அதே டிக்கி, சுழலாமல் தள்ளாடி வரும் நக்கில்பாலைக் கற்று 2012இல் சை யங் விருது வென்றார். இத்தனை நிச்சயமின்மைக்கு நடுவே அணி செய்யக்கூடியது காத்திருப்பதுதான். 2023இல் பிட்ஸ்பர்க் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பால் ஸ்கீன்ஸை முதல் ஆளாக எடுத்தது. பத்தே மாதங்களில் அவர் மேஜர் லீக் மேட்டில் நின்றார், 2024இல் சிறந்த புதுமுகம், 2025இல் சை யங். பள்ளி முடித்தபோது இவரை எந்த அணியும் எடுக்கவில்லை.

கூர்நோக்கு எழுதியது:

ஸ்கீன்ஸ் பள்ளி முடித்தது 2020. கொரோனாவால் அந்த ஆண்டு டிராஃப்ட் ஐந்து சுற்றுகளாகச் சுருக்கப்பட்டது, பள்ளிப் பருவங்களும் பாதியில் நின்றன. எடுக்கவில்லை என்பதை வைத்து ஸ்கவுட்டுகளின் கண்ணை எடைபோட முடியாது. மேலும் அவர் முதலில் விமானப்படைக் கல்லூரியில் கேட்சராகவும் பிட்சராகவும் ஆடியவர். அவரது வேகம் பிட்சிங்கில் முழுக் கவனம் செலுத்திய பிறகே இன்றைய அளவுக்கு உயர்ந்தது.

இடக்கை எழுதியது:

பந்துமேடு அவர்களின் விதியை 2017 டிராஃப்டில் பொருத்திப் பாருங்கள். இரண்டாவது ஹண்டர் கிரீன், மூன்றாவது மெக்கென்சி கோர், இருவரும் பள்ளி மாணவர்கள். நான்காவது பிரெண்டன் மெக்கே, ஐந்தாவது கைல் ரைட், இருவரும் கல்லூரி வீரர்கள். மெக்கே 2019இல் சில ஆட்டங்கள் ஆடியதோடு தோள் காயத்தில் சிக்கிக்கொண்டார். ரைட் 2022இல் 21 வெற்றிகள் பெற்றார், அடுத்த ஆண்டே தோளில் அறுவை நடந்தது. கிரீன் 2024இலும் கோர் 2025இலும் பருவத்தின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல் ஸ்டார் அணிக்குத் தேர்வானார்கள். கல்லூரிப் பிட்சர் பாதுகாப்பானவர் என்ற விதியை அன்று பின்பற்றியிருந்தால் நல்ல இரு பிட்சர்களையும் விட்டிருப்பீர்கள்.

பந்துமேடு எழுதியது:

ஓர் ஆண்டை வைத்து விதியை எழுத வேண்டாம். கிரீன் 2019இல் டாமி ஜான் அறுவைக்கு உள்ளாகி, தேர்வாகி ஐந்தாண்டுகள் கழித்து, 2022இல்தான் சின்சினாட்டிக்காக எறிய வந்தார். ஸ்கீன்ஸுக்கு ஆனது பத்து மாதம். அணிக்குக் காலமும் ஒரு செலவுதான்.

இடக்கை எழுதியது:

மேட்டில் ஏறியபோது கிரீனின் வயது 22, ஸ்கீன்ஸின் வயது 21. வயதில் பெரிய வேறுபாடு இல்லை. 18 முதல் 21 வரையிலான ஆபத்தான ஆண்டுகளை ஒருவர் அணியின் பொறுப்பிலும், மற்றவர் கல்லூரிகளின் பொறுப்பிலும் கழித்தார் என்பதுதான் வேறுபாடு. டாரிக் ஸ்கூபல் 2016இல் சியாட்டில் பல்கலைக்கழகத்தில் இருந்தபோதும், ஸ்பென்சர் ஸ்டிரைடர் 2019இல் கிளெம்சனில் இருந்தபோதும் டாமி ஜான் அறுவைக்கு ஆளானார்கள். ஸ்கூபல் ஒன்பதாவது சுற்றுக்கும் ஸ்டிரைடர் நான்காவது சுற்றுக்கும் இறங்கினார்கள். 2024, 2025 என இரு ஆண்டுகளும் சை யங் வென்றவரும், 2023இல் 281 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தவரும் இவர்கள்தாம். நீங்கள் காத்திருக்கச் சொல்லும் அந்த மூன்றாண்டுகளே நல்ல கைகளைக் கண்ணுக்கு மறைத்தும்விடுகின்றன.

பந்துமேடு எழுதியது:

அணியின் நோக்கில் அதுவும் ஒரு வடிகட்டலே. உடையக்கூடிய தசைநார் வேறொருவர் செலவில் உடைந்து, அறுவை முடிந்து, மீண்டு வந்தபின் அந்தப் பையனை மலிவாக எடுத்துக்கொள்ளலாம். டெட்ராய்ட் அணி, ஸ்கூபல் விஷயத்தில் செய்தது அதைத்தான். ஆகவே முதல் ஐந்து தேர்வுகளில் பள்ளி பிட்சர் கூடாது என்ற என் நிலையை விடமாட்டேன், இரண்டாம் சுற்றில் எடுப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

வைகைக்கரை எழுதியது:

அந்த "வேறொருவர் செலவு" யாருடையது என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட விரும்புகிறேன். கிரீனின் முழங்கை பழுதானபோது, 2017இல் சின்சினாட்டி கொடுத்த 72.3 லட்சம் டாலர் ஒப்பந்தத் தொகை அவர் கையில் இருந்தது, சிகிச்சையும் மீட்புப் பயிற்சியும் அணியின் பொறுப்பு. 2016இல் ஸ்கூபலின் முழங்கை பழுதானபோது அவர் ஒரு கல்லூரி மாணவர், விளம்பர வருமானம் பெறக்கூட 2021 வரை கல்லூரி வீரர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. என் பிள்ளைக்கு நாளை இரண்டு வழிகளும் திறந்தால், அவனுடைய ஃபாஸ்ட்பாலுக்கு ஸ்கவுட் இட்ட எண்ணைக் கேட்பதற்கு முன்னால், அந்த அணி கடந்த ஐந்தாண்டுகளில் எடுத்த பள்ளி பிட்சர்களில் எத்தனை பேர் இன்னும் எறிந்துகொண்டிருக்கிறார்கள் என்றும், அந்தக் கல்லூரியின் பயிற்சியாளர் முந்தைய பருவத்தின் கடைசி வாரங்களில் தன் முதன்மைப் பிட்சரை எத்தனை நாள் இடைவெளியில், எத்தனை பந்துகள் எறிய வைத்தார் என்றும் கேட்பேன். இவ்விரண்டு கணக்குகளையும் எவரும் பொதுவெளியில் தேடி எடுத்துவிடலாம்.